அவசரத்தில் கைகொடுக்கும் பொத்தான்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெரிய கோயிலில் புறப்பட்டவர் மலையின் பின்புறமுள்ள அடி அண்ணாமலையை அடையும்போது ஏறத்தாழப் பாதி வழி கடந்திருப்பார். அவ்விடத்தில், நீரிழிவு உள்ள முதியவர் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைவதாகக் கொள்வோம். அவருடைய கை வியர்க்கும், நடுங்கும்; பார்வை மங்கும். பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் உதவிக்கு அழைக்கும் வசதி உண்டு. ஆனால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் அது பணிவதில்லை.

இது அவருடைய தவறன்று. விரல் படும்போது ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தைக் கொண்டே தொடுதிரை இயங்குகிறது. வியர்வையும் மழைத்துளியும் அதைக் குழப்பும். காய்த்து உலர்ந்த தோலைச் சில வேளை அது உணராது. நடுங்கும் விரலின் ஒரு தொடுதலைப் பலவாகக் கொள்ளும். மேலும், வழவழப்பான கண்ணாடியில் எது எங்குள்ளது என்பதை விரலால் தடவி அறிய இயலாது. நீரிழிவால் விழித்திரையோ விரல் நரம்புகளோ பாதிக்கப்பட்டோர்க்கும், பார்க்கின்சன் நோயுடையோர்க்கும் இவ்விடர் மிகுதி.

தொட்டறியும் கடிகாரம் நமக்குப் புதிதன்று. பார்வையற்றோருக்கென எச்.எம்.டி. நிறுவனம் பிரெயில் கைக்கடிகாரங்களைத் தயாரித்தது. மூடியைத் திறந்து, புடைத்த புள்ளிகளையும் முட்களையும் விரலால் தடவி மணி அறியலாம். கைபேசியின் 5ஆம் எண் விசையில் உள்ள சிறு புடைப்பும் இத்தகையதே. 2016இல் இந்திய அரசு வகுத்த விதிகள், சாதாரணக் கைபேசியில் 5 அல்லது 9 விசையை நெடுநேரம் அழுத்தினாலும், ஸ்மார்ட் கைபேசியில் மின்விசையை மூன்று முறை விரைந்து அழுத்தினாலும் அவசர அழைப்பு செல்ல வேண்டும் என்றன.

இன்றைய கைக்கடிகாரங்கள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு செல்லும். சாவி கொடுப்பது போன்ற திருகைச் சுழற்றினால் திரை நகரும். மணிக்கட்டில் உணரும் அதிர்வுகளின் எண்ணிக்கையால் நேரம் அறியலாம். கையில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் அதிர்வை மட்டும் நம்பாமல், ஒலியும் எழுப்பும் கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாங்குமுன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள்:

• கண்ணை மூடியபடி, அணிபவரால் பொத்தானைக் கண்டறிய முடிகிறதா?
• ஈர விரலாலும் அது இயங்குகிறதா?
• அழுத்தியதும் விரலுக்கு "டக்" என்று தெரிகிறதா?
• கைபேசி அருகில் இல்லாதபோதும் அழைப்பு செல்லுமா?

அவசர அழைப்பு குடும்பத்தாருக்குச் செல்லுமா, 112 என்ற எண்ணுக்குச் செல்லுமா என்பதை விற்பனையாளரிடம் கேட்டறிந்து, வேண்டியவாறு அமைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தும் முறையை வீட்டில் சில நாள் பழகுங்கள். பழகிய விரல் பதற்றத்திலும் மறப்பதில்லை.

கருவி உதவியை அழைக்குமே அன்றி, சர்க்கரையை உயர்த்தாது. எனவே நீரிழிவு உள்ளோர் நடைப்பயணத்தில் குளுக்கோஸையோ சர்க்கரையையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றியவுடன் முதலில் அதை உட்கொண்டு, அமர்ந்து, பின்னர் பொத்தானை அழுத்துங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் புகட்டாமல், உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.