பழைய மோட்டார் சைக்கிளின் மின்கம்பிகள்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில் அந்தி மயங்கிய பின், துணிக்கட்டோ தேங்காய் மூட்டையோ ஏற்றிய பழைய மோட்டார் சைக்கிள் மங்கிய விளக்குடன் செல்லுமாயின், அதன் உரிமையாளர் “வண்டிக்கு வயதாகிவிட்டது” என்று ஆறுதல் கொள்வார். திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கி லாரிகள் விரையும் பாதையில் இவ்வாறுதல் போதாது. குறை பெரும்பாலும் பல்பில் இல்லை, கம்பியிலேயே இருக்கிறது.

சென்னையில் 1955-ஆம் ஆண்டு தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் ஆக்கிய புல்லட்டுகளில் நெடுங்காலம் 6 வோல்ட் மின்னமைப்பே இருந்தது. 30 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் கொள்ளும். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொள்ளும். ஆகவே, துருவேறிய ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை நேர்ந்தாலும் ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே வீணாகும். ஒளி பாதிக்குச் சற்று மேலாகவே எஞ்சும்.

பழங்காலக் கம்பிகள் பலவற்றிற்கு ரப்பர் உறையும், அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் உண்டு. நூல் எண்ணெயை உறிஞ்சும். ரப்பர் வெப்பத்தால் இறுகி வெடிக்கும். வெளியே பின்னல் ஒழுங்காகத் தோன்ற, உள்ளே செம்பு வெறுமையாய்க் கிடக்கும். அது சட்டத்தைத் தொட்டால் பொறி பறக்கும். மேலே பெட்ரோல் தொட்டி. பின்னே சத்திரப்பட்டி மருத்துவத் துணிக் கட்டு. ஒரு வாரத்து நெசவு நொடியில் சாம்பலாகலாம்.

பரிசோதனைக்கு முறை உண்டு. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. பெட்ரோல் குழாயை அடைத்துத் தொட்டியை இறக்கி, கம்பிகளைக் கையால் மெல்ல வளைத்துப் பார்க்க. கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியே முதலில் கெடும். ஓயாது வளைவதால் உறை முழுமையாயிருக்க உள்ளிழைகள் அறுந்திருக்கும். பின்னர் பாட்டரியை இணைத்து, விளக்கை எரியவிட்டு, பாட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்திடுக. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்விட்சையும் இணைப்புகளையும் சுத்தம் செய்தல் வேண்டும். விளக்கின் உடலுக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையேயும் அவ்வாறே அளத்தல் அவசியம். பெயிண்டும் துருவும் மின்னோட்டத்தைத் தடுப்பதால், விளக்கிலிருந்து தனி எர்த் கம்பி இழுப்பது நன்று. பழைய சீமை வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்துடன் இணைந்திருக்கும். அதை அறியாமல் புதுப் பாட்டரி பொருத்தலாகாது.

வெடித்த கம்பியின்மேல் டேப் சுற்றுவது கிழிந்த பாவில் பசை தடவுவது போன்றது. அக்கம்பியை முழுதாக மாற்றுக. விளக்கிற்கு 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத பலவிழைக் கம்பி தகும். பாட்டரியருகே 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

மல்டிமீட்டரும், முனைகளை அழுத்திப் பொருத்தும் குறடும் பெருவிலைப் பொருள்கள் அல்ல. ஒவ்வொரு சங்கமும் அவற்றை ஒரு செட் வாங்கி வைத்தால், அங்கத்தினர் அனைவரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். தனியொருவர் தயங்கும் செலவைப் பலர் கூடிச் சுமப்பதே கூட்டுறவு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.