வண்டலூரில் பிறந்த ‘பிரிட்டிஷ்’ கார்... கூரையைக் கழற்றினால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிடுமா? பழைய ஓப்பன் டாப் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் கூரை இல்லாத பழைய கார் ஒன்று எதிரே வந்தால், செல்போனை எடுக்காதவர்கள் குறைவு. ‘ஃபாரின் வண்டியா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ‘இல்லைங்க, நம்ம வண்டலூர் வண்டி’ என்று பதில் வரவும் வாய்ப்பு உண்டு.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961 முதல் அங்கே தயாரான ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’, பிரிட்டனில் 1959ல் அறிமுகமான ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த கார் அது. நம்ம ஊர் வண்டிக்கு 948 சிசி இன்ஜின்.

அப்போ ஸ்போர்ட்ஸ் கார் எங்கே வந்தது?

1962ல் லண்டன் மோட்டார் ஷோவில் ட்ரையம்ப் ‘ஸ்பிட்ஃபயர்’ வந்தது. இரண்டே சீட், துணிக்கூரை. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் காரின் அடிப்படையே ஹெரால்டுதான். சேஸிஸைக் குட்டையாக்கி, மாற்றியமைத்து அதன் மேல் புது பாடியை உட்கார வைத்தார்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாமே ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயருக்காகப் பிரிட்டனில் இன்றும் புதிதாகத் தயாராகும் உதிரி பாகங்களில் பல, வண்டலூர் ஹெரால்டுக்கும் பொருந்துவது இதனால்தான்.

ஆனா இதே உறவுதான் வாங்குபவருக்குச் சிக்கலும்.

ஹெரால்டு வந்த காலத்தில் மற்ற கார்கள் பாடியும் சேஸிஸும் ஒன்றாக இணைந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ட்ரையம்ப்புக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை 1953ல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி என்று வடிவமைத்தார்கள். கூரையும் அப்படித்தான், போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்! வண்டலூரில் பெருமளவில் தயாரானது கூரை உள்ள சலூன். ‘ஒரிஜினல் கன்வெர்ட்டிபிள்’ என்று சொல்லி விற்பனைக்கு வருபவற்றில் கூரை நீக்கப்பட்ட சலூன்களும் உண்டு.

பிரிட்டனில் தயாரான வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கமிஷன் நம்பர் ‘சிவி’ என்று முடிந்தால் கன்வெர்ட்டிபிள், ‘டிஎல்’ என்று முடிந்தால் சலூன். ஆலையில் செய்த கன்வெர்ட்டிபிளில் பாடிக்குக் கூடுதல் வலு கொடுத்திருப்பார்கள். வீட்டுப் பட்டறையில் கூரையை எடுத்த வண்டியில் அது இருக்காது, கதவுகள் சரியாகச் சேராது. கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்க. கதவே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்சி புக்கில் பாடி வகை ‘சலூன்’ என்று இருந்து, வண்டி கூரை இல்லாமல் நின்றால் பிரச்னை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அடுத்த அடி, வின்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார், பைக்குகளுக்கு ‘விஏ’ எழுத்துடன் தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கூரை போன ஹெரால்டு இங்கேயே அடிபடும். இன்னொன்று, வின்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வாராவாரம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போகணும் என்பவர்கள் சாதாரண ஆர்சியை உயிரோடு வைத்திருப்பதே நல்லது. அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000 ரூபாய். வண்டலூரில் பிறந்ததுக்கு இப்படி ஒரு லாபம்!

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது

கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் முதல் எதிரி உப்புக்காற்று. மேல் பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைக் குனிந்து பாருங்க. துரு முதலில் பிடிப்பது அங்கேதான். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. டிங்கரிங் வேலைக்காக பாடியைத் தூக்குவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்யச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கூரையில்லாத பாடி மடங்கிவிடும்.

முன் சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே ‘ட்ரன்னியன்’ என்ற பித்தளை நிற மூட்டு இருக்கும். இதுக்குக் கியர் ஆயில்தான் விடணும். நம்ம ஊர் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், மரை வரை அது போய்ச் சேராது. உள்ளே தண்ணீர் தங்கி அரித்து, ஒருநாள் இரும்புத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் இது பொது. பின் சக்கரமும் அப்படித்தான், வளைவில் வேகமாகப் போய் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும்.

பங்குகளில் இப்போது 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமையும் மாற்றிவிடுங்க.

விற்பவர்கள் கவனத்துக்கு

காசு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. 29, 30 எண் படிவங்களைக் கொடுத்து ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்றுங்க. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் தகவல் சொல்லணும். வின்டேஜ் பதிவு வண்டி என்றால் இருவரும் 90 நாளில் தெரிவிக்கணும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வாங்கியவர் விபத்து செய்தால் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வருவது உங்க வீட்டுக்குத்தான்.