அர்ஜினின் தோற்றது, ஹிஸ்டிடின் வென்றது

பங்குனி, சித்திரையில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் போனால் முந்திரித் தோப்புகளில் பழம் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்கும் வேலை மும்முரமாக நடக்கும். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அத்தனை பாடுபட்டு எடுக்கும் பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் அர்ஜினின் இருக்கிறது. அர்ஜினின் ஓர் அமினோ அமிலம். மாரடைப்பு வந்தவரின் இதயத்தை இது காப்பாற்றும் என்று மருத்துவ உலகம் ஒருகாலத்தில் பெரிதும் எதிர்பார்த்தது.

எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்தது. ரத்தக்குழாயின் உட்சுவர் அர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் தயாரிக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இந்த வாயு உடலில் செய்யும் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. குழாய் விரிந்தால் ரத்தம் தாராளமாக ஓடும், நைந்த இதயமும் தேறும் என்பது கணக்கு.

கணக்கு பொய்த்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்த 153 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தினமும் 9 கிராம் அர்ஜினின். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆறு மாதத்தில் இதயத்தின் வலு கூடவில்லை. அர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள், மறுபிரிவில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்புக்குப் பிறகு அர்ஜினின் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு 2006இல் முடிவு வெளியானது. முந்திரி தின்பவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; 9 கிராம் அர்ஜினினுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவை நெருங்கும் அளவு பருப்பு தின்றாக வேண்டும். கவனிக்க வேண்டியது, ‘இதயத்துக்கு நல்லது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு டப்பாவில் விற்கும் பொடியை வாங்குபவர்கள்தான்.

வென்றது வேறோர் அமினோ அமிலம், அதுவும் வேறோர் இடத்தில். திறந்த இதய அறுவைச் சிகிச்சையில் இதயத்துக்கு வரும் ரத்தத்தை மருத்துவரே நிறுத்துகிறார். ஆக்ஸிஜன் கிடைக்காத தசை, சர்க்கரையை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த அமிலத்தன்மை செல்களைக் கெடுக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிரெட்ஷ்னைடர் என்ற ஆய்வாளர் 1970களில் இதற்கொரு கரைசலை உருவாக்கினார். அதில் பெரும்பங்கு ஹிஸ்டிடின். சேரும் அமிலத்தை உறிஞ்சிச் சமன்செய்வது அதன் வேலை. கூடவே செல்சவ்வைக் காக்கச் சிறிதளவு டிரிப்டோஃபேன், இதுவும் அமினோ அமிலமே. நன்கு குளிர்வித்த அந்தக் கரைசலை இதயத் தமனிகளுக்குள் செலுத்தியதும் துடிப்பு நிற்கிறது. ஒரே தடவை செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அறுவைச் சிகிச்சை செய்யலாம். தானமாகப் பெற்ற இதயத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஹிஸ்டிடினுக்கு வாய்த்தது முன்னேற்பாடு. ரத்தம் நிற்கும்போதே அது உள்ளே போய்விடுகிறது. இதயமும் குளிர்ந்து ஓய்ந்து கிடக்கிறது. மாரடைப்போ சொல்லிக்கொண்டு வருவதில்லை. குழாய் முழுவதும் அடைபட்டால் இருபது நிமிடம் போலத் தாண்டியதும் தசை சாகத் தொடங்குகிறது, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

நள்ளிரவில் நெஞ்சு இறுகினால் ‘வாயுப் பிடிப்பாக இருக்கும்’ என்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் 108ஐ அழைத்தாக வேண்டும். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. சிறிய மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைத்து, பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பும் ஏற்பாடு 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத்தான் நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.