பதிவை வெட்டலாம், மூலத்தை வெட்டக் கூடாது

சுடுகாட்டுப் பாதைக்கு மனு மட்டும் கொடுத்த காலம் போய், இப்போது மனுவோடு வீடியோவும் போகிறது. கிராமசபையில் கேட்ட கேள்வி, குடிநீர்க் குழாயடித் தகராறு, அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தை மறித்தது என எல்லாவற்றையும் நம் தெருப் பிள்ளைகள் செல்போனில் பிடித்துவிடுகிறார்கள். எடுப்பதில் குறையில்லை. எடுத்ததைச் சுருக்கும் இடத்தில்தான் காரியம் கெடுகிறது. நாற்பது நிமிடப் பதிவு முப்பது விநாடி ஸ்டேட்டஸ் ஆனவுடன், "அதுக்கு முன்னாடி நீங்க என்ன பேசுனீங்க?" என்று ஊர்த்தெரு திருப்பிக் கேட்கிறது. பதில் சொல்ல நம்மிடம் முழுப் பதிவு இருப்பதில்லை.

எடிட்டிங் என்றால் பாட்டு சேர்ப்பதும் எழுத்து பறக்கவிடுவதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதல் வேலை இரண்டே: எந்தக் கிளிப் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது, அதன் தலையையும் வாலையும் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது.

அக்டோபர் 2 கிராமசபையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நம் தெருப் பெண் ஒருவர் எழுந்து, போன ஆண்டு போட்ட தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்கிறார். மேடையில் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். ஒருவர் "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்கிறார். அதன் பிறகு கூச்சல். நம் பிள்ளைகளில் பலர் கூச்சலை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள், அது சூடாக இருக்கிறது என்பதால். ஆனால் பார்ப்பவருக்குத் தெரிவது இரண்டு தரப்பும் கத்துகிறது என்பது மட்டும்தான். வைக்க வேண்டியது அந்தக் கேள்வி, பதிவேடு புரளும் நேரம், அந்தப் பதில். பதிவேடு புரளும் பத்து விநாடியில் யாரும் ஒன்றும் பேசவில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள். தீர்மானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாததற்கு அதுதான் சாட்சி.

ஆகவே முதலில் எதையும் தொடாமல் முழுப் பதிவையும் ஒருமுறை பாருங்கள். ஒரு நோட்டில் நிமிடமும் விநாடியும் போட்டு, யார் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பெரிய படங்களும் இப்படித்தான் உருவாகின்றன. 1997 ஜூலை 11-ல் மும்பை ரமாபாய் நகரில் காவல் துறை சுட்டு 10 தலித்துகள் இறந்ததிலிருந்து தொடங்குகிறது ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’. 14 ஆண்டுகள் எடுத்த காட்சிகளிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஒரு படத்தை அவர் தேர்ந்தெடுத்தார். எதை விடுவது என்ற முடிவு எத்தனை முறை எடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெட்டும் இடத்துக்கு வருவோம். தமிழில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. "அவங்களை அடிக்கணும்னு நாங்க நினைக்கவே இல்ல" என்று நம் ஆள் பேசியதை "அடிக்கணும்னு நாங்க நினைக்க..." என்ற இடத்தில் அறுத்தால் என்ன ஆகும்? நமக்கு எதிராக இப்படி அறுத்துப் போட ஆட்கள் உண்டு. அதே வேலையை நாம் அடுத்தவர் பேச்சில் செய்யக் கூடாது. வாக்கியம் முடிந்து, பேசியவர் மூச்சு விட்ட பிறகு, அரை விநாடி தள்ளி வெட்டுங்கள். தொடக்கத்திலும் அப்படியே, முதல் சொல்லுக்கு அரை விநாடி முன்பிருந்து வையுங்கள். டைம்லைனில் ஒலி அலை மேடு பள்ளமாகத் தெரியும். பள்ளத்தில் வெட்டினால் சொல் அறுபடாது.

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவச மென்பொருள்கள், கணினியில் ஓடும். கிளிப்பைத் திறந்து, தொடங்கும் இடத்தில் ‘ஐ’ விசை, முடியும் இடத்தில் ‘ஓ’ விசை. அந்தப் பகுதி மட்டும் டைம்லைனுக்கு வரும். அங்கே கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தும் கூட்டலாம், குறைக்கலாம். கவனிக்க வேண்டியது, இப்படி வெட்டும்போது மூலக் கோப்பில் ஒரு சட்டகம்கூடக் குறையாது. வெட்டிய பகுதி ஒளிந்திருக்கிறதே தவிர அழிவதில்லை. ஓரத்தை மறுபடி இழுத்தால் திரும்பி வரும்.

செல்போன் கேலரியில் இருக்கும் டிரிம் எப்போதும் அப்படியில்லை. சில போன்களில் ‘சேவ்’ தட்டினால் பழைய பதிவின் மேலேயே புதியது உட்கார்ந்துகொள்ளும். முன்னும் பின்னும் வெட்டியது போனது போனதுதான். ‘நகலாகச் சேமி’ என்ற பொருளில் வரும் பொத்தானைத் தேடித் தட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். வழக்கறிஞருக்கு அனுப்புவதாக இருந்தால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். எடுத்த போனையும் மெமரி கார்டையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் நீதிமன்றம். செல்போன் பதிவின் நகலை ஆதாரமாக வைக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் அது 63-ஆம் பிரிவு. புதிய சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பைக் கணக்கிட்டு வரும் நீண்ட எண், எழுத்துக் கோவை. கோப்புக்கு அது கைரேகை மாதிரி. ஒரு விநாடியை வெட்டிச் சேமித்தாலும் அது மாறிவிடும். மூலம் கையில் இருந்தால் எதிர்த்தரப்பு "வெட்டி ஒட்டியது" என்று சொல்லும்போது முழுப் பதிவையும் எடுத்து வைக்கலாம்.

பதிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன அந்தப் பொறியியல் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். உயர் நீதிமன்றத்தில் கோயில் கேமரா பதிவைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். ஆனால் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. முதல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 2016-ல் வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவில், இந்த வழக்குகளின் நடவடிக்கைகளை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. இதை எத்தனை இடத்தில் செய்கிறார்கள் என்று கேட்பதும் மாணவர்களுக்கு நல்ல வேலை.

வெட்டியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் அப்பா பெயரையும் விட்டுவைத்தால் மறைத்ததில் பயனில்லை. குழந்தைகள் விஷயத்திலும் அப்படியே.

இன்னொன்று. உங்கள் கேமரா முன் பேசிய அம்மாவோ பெரியப்பாவோ மறுநாள் காலை அதே ஊர்க்காரர் வயலுக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். வெட்டி முடித்ததை வெளியிடும் முன் அவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரி வேண்டாம் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் அதை எடுத்துவிடுங்கள். நாளை அவரே கேட்டால், மூலத்திலிருந்து அந்த வரியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.