ராக்காவலாளி போட்ட பேஸ்பால் கணக்கு

மார்ச் மாதம் முடியப்போகிறது என்றால் போதும். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு ஜோசியர்கள் முளைத்துவிடுவார்கள். கைரேகை பார்க்கும் ஜோசியர்கள் அல்ல. "இந்த ஆண்டு பேஸ்பாலில் எந்தப் பிரிவில் எந்த அணி முதலில் வரும்?" என்று ஆரூடம் சொல்லும் ஜோசியர்கள்!

பத்திரிகைகள் பட்டியல் போடும். டெலிவிஷனில் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து வாதாடுவார்கள். ஆபீசில் குமாஸ்தாக்களும், பட்டறையில் தொழிலாளிகளும் சாப்பாட்டு வேளையில் இதையே பேசுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பாதிப் பேர் சொன்னது பலித்திருக்காது.

ஏன் பலிப்பதில்லை? அதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது.

30 அணிகள், 6 பிரிவுகள்

பேஸ்பால், கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறையுள்ள ஆட்டம். மட்டை உண்டு, பந்து உண்டு, ரன் உண்டு. ஆனால் ஒரு ஆட்டம் சுமார் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெரிய அணிகள் மொத்தம் 30. அவற்றில் ஒன்று கனடா நாட்டின் டொரன்டோ அணி. மற்ற 29 அணிகளும் அமெரிக்க அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக்குகள். ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று பிரிவுகள். ஒரு பிரிவுக்கு 5 அணிகள்.

ஒவ்வொரு அணியும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். அநேகமாகத் தினம் ஒரு ஆட்டம்! பிரிவில் முதலில் வரும் 6 அணிகளுக்கும் கோப்பைக்கான அடுத்த கட்டத்தில் இடம் நிச்சயம். அடுத்தபடியாக நன்றாக ஆடிய இன்னும் 6 அணிகளுக்கும் 2022 முதல் இடம் தருகிறார்கள்.

யார் இந்த ஜேம்ஸ்?

முன்பெல்லாம் ஜோசியம் சொன்னவர்கள் ஆட்டக்காரரின் பெயரையும் புகழையும் பார்த்துச் சொன்னார்கள். அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு ராக்காவலாளி என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

அவர் பெயர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்துக்காரர். 1949-ல் பிறந்தவர். 1970-களில், பன்றி இறைச்சியும் பீன்சும் டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்து வந்தார். ஊர் உறங்கும் நேரத்தில் அவர் பழைய ஸ்கோர் விவரங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

1977-ல் அந்தக் கணக்குகளைத் தொகுத்துத் தாமே புத்தகமாக வெளியிட்டார். விற்றது சுமார் 75 பிரதிகள்தான். அவர் மனம் தளரவில்லை. ஆண்டுதோறும் எழுதினார். 1982-ல் ஒரு பெரிய பதிப்பகம் அவரைத் தேடி வந்தது. 2003-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை ஆலோசகராகவே அமர்த்திக்கொண்டது. 1918-க்குப் பிறகு கோப்பையைக் காணாத அந்த அணி, 2004-ல் கோப்பையை வென்றது.

என்ன கணக்கு?

ஜேம்ஸ் கண்டது இதுதான்: ஒரு அணியின் உண்மையான பலத்தை வெற்றி தோல்வியை விட ரன்கள் நன்றாகச் சொல்லும்.

அணி எடுத்த ரன்னை அதே எண்ணால் பெருக்கு. எதிரிகளுக்குக் கொடுத்த ரன்னையும் அப்படியே பெருக்கு. இரண்டையும் கூட்டி, அந்தத் தொகையால் முதல் எண்ணை வகு. எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை வெற்றி என்பது தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் சூத்திரத்தின் சாயல் இருப்பதால், அவர் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

உதாரணமாக, ஒரு அணி 800 ரன் எடுத்து 700 ரன் கொடுக்கிறது. கணக்குப்படி அது 162 ஆட்டங்களில் 92 வெற்றி பெற வேண்டும். இன்னும் சுலபமான வழியும் உண்டு. சரிபாதி என்பது 81 வெற்றி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 ரன்னுக்கும் ஒரு வெற்றியைக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த மாதிரிக் கணக்கை நம்பி அணி சேர்த்தவர் ஓக்லண்ட் அணியின் ஜெனரல் மானேஜர் பில்லி பீன். 2002-ல் அவர் அணியின் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணியோ அதைப் போல மூன்று மடங்கு செலவு செய்தது. பெயர் இல்லாத, ஆனால் ரன்னுக்கு வழி செய்யும் ஆட்டக்காரர்களாகப் பார்த்து எடுத்தார் பீன். ஓக்லண்ட் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. மொத்தம் 103 வெற்றி. மேற்குப் பிரிவில் முதலிடம்!

கணக்கும் சறுக்கும்

அப்படியானால் பென்சிலும் காகிதமும் இருந்தால் போதுமா? போதாது.

2007-ல் அரிசோனா அணி 712 ரன் எடுத்தது. 732 ரன் கொடுத்தது. கணக்குப்படி 79 வெற்றிதான் வர வேண்டும். வந்ததோ 90 வெற்றி. தன் பிரிவில் முதலிடமும் கிடைத்தது. சின்ன வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் பல அதன் பக்கம் சாய்ந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி 2013 முதல் 2025 வரை 13 ஆண்டுகளில் 12 தடவை தன் பிரிவில் முதலிடம் பெற்றது. தவறிய ஒரே ஆண்டு 2021. அந்த ஆண்டும் அது மோசமாக ஆடவில்லை. 106 வெற்றி! ஆனால் யாரும் பெரிதாக மதிக்காத சான்பிரான்சிஸ்கோ அணி 107 வெற்றி பெற்றுவிட்டது.

டொரன்டோ அணி 2024-ல் தன் பிரிவில் கடைசி. 2025-ல் அதுவே முதலிடம். அதுவும் எப்படி? டொரன்டோவுக்கும் நியூயார்க் யாங்கீசுக்கும் சரிசமமாக 94 வெற்றிகள். தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் டொரன்டோ அதிகம் வென்றிருந்ததால் முதலிடம் அதற்குப் போயிற்று. அதே ஆண்டு கிளீவ்லாண்ட் அணி, டெட்ராய்ட் அணியை விட 15 ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கியிருந்து, கடைசியில் ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் முந்தியது.

பூவா, தலையா?

ஒரு ரூபாய் நாணயத்தை 162 தடவை சுண்டிப் பாருங்கள். பூ 81, தலை 81 விழுவதுதான் நியாயம். ஆனால் அப்படிச் சரிபாதியாக விழுவது அபூர்வம். பூ 75 தடவையும் விழலாம். 87 தடவையும் விழலாம். நாணயத்தில் கோளாறு எதுவும் இல்லை. வெறும் அதிர்ஷ்டம்தான்.

பேஸ்பாலும் அப்படியே. எவ்வளவு பெரிய மேதை கணக்குப் போட்டாலும் ஐந்தாறு வெற்றி முன்னே பின்னே போகும். பிரிவின் முதலிடமோ பல ஆண்டுகளில் ஒரே ஒரு வெற்றியில் தீர்ந்துவிடுகிறது! போதாதற்குக் காயம் வேறு. பந்து வீச்சாளரின் முழங்கையில் தசைநார் அறுந்தால், ஆபரேஷன் முடிந்து திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். மார்ச் மாதத்தில் அதை யாரால் சொல்ல முடியும்?

பணம் வைத்தவர் கதை

வாயால் ஜோசியம் சொன்னால் நஷ்டம் இல்லை. பணம் வைத்தால்தான் வினை.

பந்தயச் சூதாட்டத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்று மாநிலங்களே முடிவு செய்யலாம் என 2018-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அளித்தது. அதன் பிறகு பல மாநிலங்களில் கதவு திறந்துவிட்டது. வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும். அதாவது 100 தடவையில் 53 தடவையாவது ஜெயித்தால்தான் கைப்பணம் கரையாமல் இருக்கும். கணக்குப் புலிகளுக்கே கஷ்டமான காரியம் இது.

பீட் ரோஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரர், தாம் நடத்திய அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989-ல் ஆயுள் தடை பெற்றார். 2024-ல் அவர் இறந்தார். தடைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2025-ல்தான்.

டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளர், தமது சூதாட்டக் கடனை அடைக்க எஜமானரின் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலரைச் சுருட்டினார். 2025-ல் அவருக்கு 4 ஆண்டு 9 மாதச் சிறை கிடைத்தது.

உங்களுக்கும் ஜோசியம் சொல்ல ஆசையா? தாராளமாகச் சொல்லுங்கள். எந்த அணி ஜெயிக்கும் என்று ஒரு தாளில் எழுதி, மடித்துப் பெட்டியில் வையுங்கள். செப்டம்பர் கடைசியில் பிரித்துப் பாருங்கள். பலித்தால் நண்பர்களிடம் மார் தட்டிக்கொள்ளலாம். பலிக்காவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். சம்பளக் கவருக்கு ஒரு சேதமும் இல்லை.