ஜீனோவும் உங்கள் கம்ப்யூட்டரும்

சுஜாதா என் அபிமான எழுத்தாளர். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராகப் பணியாற்றிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதியவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-ல். அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய் புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், நிலாவுக்கு யோசனை சொல்லும். பள்ளி நாட்களில் சிரித்துச் சிரித்துப் படித்தேன்.

அதன் இரண்டாம் பாகம் 'மீண்டும் ஜீனோ'. ஆசையோடு எடுத்தேன். எனக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. அதற்கான காரணம், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் பயன்படும்.

சிரிப்பு எங்கே போனது?

முதல் கதையில், மனிதர்கள் பதறும்போது இந்தப் பொம்மை நாய் பதறாமல் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். சிரிப்பே அங்கேதான். இரண்டாம் பாகத்தில் ஜீனோ மெல்ல மெல்ல மனிதரைப் போல ஆகிறது. கதை கனமாகிறது, சிரிப்பு குறைகிறது. மனிதரைப் போன்ற மனிதர்கள்தான் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்களே! இயந்திரம் இயந்திரமாக இருப்பதே எனக்குச் சுவாரஸ்யம்.

அட்டையில் உள்ளதுதான் சேலையில்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என் ஊர். இந்தப் பக்கத்துப் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். 1804-ல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய முறை. அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் மேலே எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. அன்னமா, மாங்காயா என்று தறிக்குத் தெரியாது. ஒரு துளை தவறினால் தவறையும் ஒழுங்காக நெய்யும். இதே அட்டை யோசனையைத்தான் பாபேஜ் 1830களில் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். உங்கள் கம்ப்யூட்டரும் அந்த வழியில் வந்ததுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் உங்கள் கதவு எண் 12/3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். மார்ச் 12 என்றோ, டிசம்பர் 3 என்றோ தேதியாக மாறிவிடும்! கம்ப்யூட்டருக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. 'எண், சாய்கோடு, எண் வந்தால் தேதி' என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட விதி. உங்கள் வீட்டு வாசல் அதற்குத் தெரியாது.

சரிசெய்ய, எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு மறுபடி டைப் செய்யுங்கள். நிறைய முகவரிகள் இருந்தால், டைப் செய்வதற்கு முன்பே அந்தக் கட்டங்களைத் தேர்வு செய்து, ரைட் கிளிக், ஃபார்மட் செல்ஸ், நம்பர் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றி ஓகே கொடுங்கள்.

இன்றைய ஜீனோக்கள்

2021 வந்து போய்விட்டது. ரோபோ நாய் வீட்டுக்கு வீடு வரவில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் தமிழிலேயே பதில் சொல்லும் சாட்பாட்டுகள் வந்துவிட்டன. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்தே அவை பேசுகின்றன. பேச்சு இனிமையாக இருப்பதால் நண்பர் என்று தோன்றும். தவறையும் அதே இனிமையோடு சொல்லும். மாத்திரை அளவு, பணம், பத்திரம் பற்றியெல்லாம் அது சொன்னால் டாக்டரிடமோ வங்கியிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

'மீண்டும் ஜீனோ' உங்களுக்குப் பிடிக்கலாம், படித்துப் பாருங்கள். ஆனால் உங்கள் மேஜையில் இருப்பது ஜீனோ அல்ல, தறி. அட்டையைச் சரியாகக் குத்துங்கள், அழகாக நெய்து தரும்.