'7 மானா, 7/7' பார்த்து ஏமாந்தவர்கள்: ஹார்த்ஸ்டோனில் புது கார்டை எடைபோடுவது எப்படி?

ஹார்த்ஸ்டோன் விளையாடுபவர்களுக்கு வருஷத்துக்கு மூணு தீபாவளி. பிளிஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட இந்த டிஜிட்டல் கார்டு கேமில், ஆண்டுக்கு மூன்று முறை நூற்றுக்கும் மேற்பட்ட புது கார்டுகள் மொத்தமாக வந்து இறங்குகின்றன. ரிலீஸுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கார்டுகளை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். உடனே ஸ்ட்ரீமர்கள் மார்க் போடுவார்கள். "இது செம", "இது குப்பை" என்று சண்டை நடக்கும். அதே வாரங்களில்தான் முன்பதிவு விற்பனையும் நடக்கும். 2016-ல் 50 பேக் கொண்ட முன்பதிவு மூட்டையின் விலை சுமார் 50 டாலர். அதாவது, கார்டு எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாத நாட்களில்தான் பணம் கைமாறுகிறது.

அந்த மார்க்குகள் எவ்வளவு சரியாக இருந்திருக்கின்றன? பழைய கதைகளைப் புரட்டினால் சிரிப்புதான் வரும்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். இது ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுவதில்லை. உங்களிடம் இருக்கும் கார்டுகளில் இருந்து 30 கார்டு கொண்ட ஒரு டெக்கை நீங்களே கட்ட வேண்டும். ஒரே கார்டு இரண்டு வரை வைக்கலாம், 'லெஜண்டரி' வகை என்றால் ஒன்றுதான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு விலை உண்டு, அதற்குப் பெயர் மானா. முதல் டர்னில் 1 மானா, இரண்டாவதில் 2 என்று கூடிக்கொண்டே போய் 10-ல் நிற்கும். களத்தில் இறங்கிச் சண்டை போடும் கார்டுகளுக்கு மினியன் என்று பெயர். 4/5 என்று எழுதினால் அதன் தாக்கும் பலம் 4, உயிர் 5. எதிராளியின் 30 உயிரை முதலில் தீர்ப்பவர் வெற்றியாளர்.

மளிகைக் கடைத் தராசு

புது கார்டைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் போடும் கணக்குக்கு 'வெனிலா டெஸ்ட்' என்று பெயர். எந்த சிறப்பு சக்தியும் இல்லாத மினியன்களை அளவுகோலாக வைத்துக்கொள்வது. ரிவர் க்ராகொலிஸ்க் 2 மானாவுக்கு 2/3. சில்விண்ட் யெட்டி 4 மானாவுக்கு 4/5. போல்டர்ஃபிஸ்ட் ஓகர் 6 மானாவுக்கு 6/7. மானாவை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பலமும் உயிரும் சேர்ந்த மொத்தம் வந்துவிடுகிறது. புது கார்டின் எண்கள் இதற்குக் கீழே இருந்தால், குறைந்த புள்ளிகளுக்கு ஈடாக அதன் சிறப்பு சக்தி என்ன தருகிறது என்று கேட்க வேண்டும்.

தராசு தப்பில்லை. ஆனால் தராசு எடையைத்தான் காட்டும், ருசியைக் காட்டாது. ஏன்ஷியன்ட் வாட்சர் என்ற கார்டு 2 மானாவுக்கு 4/5. யெட்டியின் எண்களை பாதி விலைக்குத் தருகிறது. ஆனால் அதனால் தாக்க முடியாது! வாயில்லாப் பூச்சி மாதிரி நிற்கும். அதன் சக்தியை அழிக்கும் இன்னொரு கார்டு கையில் இருந்தால் மட்டுமே அது புலி.

டாக்டரும் ட்ராக்சாரும்

2014 டிசம்பரில் வந்த 'காப்ளின்ஸ் வெர்சஸ் நோம்ஸ்' தொகுப்பில் இரண்டு லெஜண்டரிகள் இருந்தன. இரண்டுக்கும் விலை 7 மானா. ஒன்று ட்ராக்சார்: 6/6, எதிராளி ஒவ்வொரு முறை ஸ்பெல் போடும்போதும் உங்களுக்கு ஒரு 3/5 மினியன் இலவசம். இன்னொன்று டாக்டர் பூம்: 7/7, கூடவே இரண்டு 1/1 குண்டு ரோபோக்கள். அந்த ரோபோ செத்தால் வெடித்து, எதிரணியில் யாராவது ஒருவர் மீது 1 முதல் 4 வரை சேதம்.

ரிலீஸுக்கு முன்பு பரபரப்பாகப் பேசப்பட்டது ட்ராக்சார்தான். காரணமும் இருந்தது. அப்போது பல டெக்குகளில் பிக் கேம் ஹன்டர் என்ற 3 மானா கார்டு இருந்தது. பலம் 7 அல்லது அதற்கு மேல் உள்ள எந்த மினியனையும் அது ஒரே அடியில் கொன்றுவிடும். ட்ராக்சாரின் பலம் 6, எனவே தப்பித்தது. பூமின் பலம் 7, மாட்டிக்கொண்டது. "7 மானா செலவு செய்து இறக்கி, 3 மானாவில் சாகக் கொடுப்பதா?" என்று பலரும் பூமை ஒதுக்கினார்கள்.

நடந்தது தலைகீழ். ட்ராக்சார் வேலை செய்ய எதிராளி ஒத்துழைக்க வேண்டும். அவர் ஸ்பெல் போடாமல் மினியன்களை வைத்தே அடித்தால், அது 7 மானா கொடுத்து வாங்கிய சாதாரண 6/6. பூம் யாருடைய ஒத்துழைப்புக்கும் காத்திருக்கவில்லை. ஹன்டர் வந்து அவரைக் கொன்றாலும் இரண்டு ரோபோக்கள் களத்தில் மிச்சம். வகுப்பு வித்தியாசமே இல்லாமல் டெக்குக்கு டெக் பூம் நுழைந்தார். 'டாக்டர் பேலன்ஸ்டு' என்று கிண்டல் பெயரே வந்துவிட்டது. பழைய தொகுப்புகளை ஒதுக்கி வைக்கும் 'ஸ்டாண்டர்ட்' முறை 2016 ஏப்ரலில் வந்த பிறகுதான் பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இந்த ஒரு ஜோடியிலிருந்தே இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. இறக்கிய அதே நொடியில் கார்டு ஏதாவது செய்கிறதா, இல்லை எதிராளி பதில் சொல்லும்வரை காத்திருக்கிறதா? அதை அழித்த பிறகும் களத்தில் என்ன மிஞ்சுகிறது? எண்களை ஒப்பிடுவதற்கு முன்பே இந்த இரண்டையும் கேட்டிருந்தால், பாதிப் பேர் பூமை விட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்து சொத்தைகள் சேர்ந்த கதை

இதைவிடப் பெரிய சறுக்கல் 2015 ஆகஸ்ட்டில் வந்தது. பாலடின் என்ற வகுப்புக்கு 'சீக்ரெட்' எனப்படும் கார்டுகள் உண்டு. மறைவாக வைத்துவிட்டால், எதிராளி குறிப்பிட்ட ஒன்றைச் செய்யும்போது தானாக வெடிக்கும். பாலடினின் சீக்ரெட்டுகள் எல்லாம் 1 மானா. எல்லாம் சுமார் ரகம். எதிரி அடிக்க வரும்போது ஒரு 2/1 குறுக்கே விழும், செத்த மினியன் 1 உயிரோடு எழுந்து வரும், இப்படி. டெக்கில் ஒன்று வைப்பதற்கே யோசிப்பார்கள்.

அப்போது மிஸ்டீரியஸ் சேலஞ்சர் வந்தது. 6 மானா, 6/6. இறக்கும்போது டெக்கில் இருக்கும் ஒவ்வொரு வகை சீக்ரெட்டிலும் ஒன்றை எடுத்து நேராகக் களத்தில் வைக்கும். "சொத்தைக் கார்டுகளைத் தேடி எடுத்து வரும் கார்டு, இதற்கு எதற்கு மவுசு?" என்பதுதான் பரவலான தீர்ப்பு.

கணக்கைப் பாருங்கள். நான்கைந்து சீக்ரெட் ஒரே நேரத்தில் இறங்கினால், அது இலவசமாகக் கிடைத்த நான்கைந்து கார்டு. தனியாகப் பார்த்தால் சுமாரான அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எதிராளியைத் திணறடித்தன. எந்த வழியில் அடித்தாலும் ஏதோ ஒன்று வெடிக்கும். யாரும் கவனிக்காத மூன்றாவது லாபமும் உண்டு: சொத்தைகள் டெக்கை விட்டு வெளியேறிவிட்டதால், அடுத்து எடுக்கும் கார்டு நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாவது டர்னில் சேலஞ்சர், ஏழில் டாக்டர் பூம், எட்டில் டிரியன் ஃபோர்ட்ரிங் என்று வரிசை கட்டி வந்தால் எதிரே இருப்பவர் எழுந்து டீ குடிக்கப் போகலாம். அந்த சீசன் முழுக்க 'சீக்ரெட் பாலடின்' புலம்பல்தான்.

மார்க் போட்டவர்கள் சேலஞ்சரை அப்போதிருந்த டெக்குகளில் செருகிப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அந்தக் கார்டுக்காகவே ஒரு டெக்கைக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கையில் வருமா?

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது. "இந்தக் கார்டும் அந்தக் கார்டும் சேர்ந்தால் ஒரே டர்னில் ஆட்டம் காலி" என்று யாராவது காம்போ போடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் அட்டகாசமாக இருக்கும். சேருமா என்பதுதான் பிரச்சினை.

முதலில் ஆடுபவருக்கு ஆரம்பத்தில் 3 கார்டு, பிறகு டர்னுக்கு ஒன்று. ஆறாவது டர்னில் அவர் பார்த்திருப்பது 9 கார்டு. டெக்கில் ஒன்றே ஒன்று இருக்கும் லெஜண்டரி அதற்குள் வந்திருக்கும் வாய்ப்பு 30 சதவீதம். இரண்டு பிரதிகள் வைத்திருந்தால், ஒன்றாவது வந்திருக்க 52 சதவீதம். தலா ஒரே பிரதி உள்ள இரண்டு கார்டுகளும் பத்தாவது டர்னுக்குள் சேர்ந்து கையில் இருக்கும் வாய்ப்பு 18 சதவீதம்தான். ஆரம்பத்தில் பிடிக்காத கார்டுகளை மாற்றிக்கொள்ளலாம், கூடுதல் கார்டு எடுக்க உதவும் ஸ்பெல்களும் உண்டு. அவற்றால் இந்த எண்கள் கொஞ்சம் ஏறும். இருந்தாலும் ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் வேலை செய்யும் காம்போ, மீதி நான்கில் கையில் சுமை.

மேஜிக் தி கேதரிங் ஆட்டக்காரர்களிடமிருந்து வந்த ஒரு பழக்கம் இங்கே உதவும். கார்டை நான்கு நிலைமைகளில் வைத்துப் பார்ப்பது: ஆட்டத்தின் ஆரம்பம், இருவரும் சமமாக இருக்கும்போது, நாம் முன்னிலையில் இருக்கும்போது, அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது. முன்னிலையில் மட்டும் பிரமாதமாக இருக்கும் கார்டு பெரும்பாலும் வேஸ்ட். அது இல்லாமலும் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். நான்காவது நிலைமையில் என்ன செய்கிறது என்பதற்குத்தான் அதிக மார்க்.

பேட்சஸ் தி பைரேட் இந்தக் கணக்கையே கலைத்துப்போட்ட கார்டு. 2016 டிசம்பரில் வந்தது. 1 மானாவுக்கு 1/1, இறங்கியதும் தாக்கலாம். கேட்கவே பரிதாபம். ஆனால் நீங்கள் வேறு ஏதாவது ஒரு கடற்கொள்ளையர் மினியனை இறக்கினால், பேட்சஸ் டெக்கிலிருந்து தானாகக் குதித்து வரும், அதுவும் இலவசமாக. கைக்கு வந்தால் சொத்தை, டெக்கில் இருந்தால் தங்கம்! முதல் டர்னிலேயே இரண்டு மினியன்கள், ஒன்று உடனே அடிக்கும். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆட்டிப் படைத்த பிறகு, 2018 பிப்ரவரியில் 'உடனே தாக்கும்' சக்தியைப் பிடுங்கினார்கள்.

முதல் வாரப் புள்ளிவிவரம்

இப்போது இவ்வளவு யோசிக்க வேண்டாம், ரிலீஸான மறுநாளே எச்எஸ்ரீப்ளே போன்ற தளங்களில் எந்தக் கார்டு எத்தனை சதவீதம் ஜெயிக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன.

ஒன்று, முதல் சில நாட்களில் வேகமாக அடித்து முடிக்கும் 'அக்ரோ' டெக்குகள்தான் மேலே இருக்கும். அவற்றைக் கட்டுவது சுலபம். எதிராளியின் திட்டத்தைத் தடுத்து நிதானமாக ஜெயிக்கும் 'கன்ட்ரோல்' டெக்குகளுக்கு, எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் வடிவமே வரும். இரண்டு வாரத்தில் படம் மாறிவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. 'கார்டை இறக்கிய ஆட்டங்களில் வெற்றி சதவீதம்' என்ற எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. கடைசி அடிக்கு வைத்திருக்கும் கார்டை, ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் இறக்குவார்கள். அந்த எண் உயரமாகத்தான் இருக்கும். கார்டு ஜெயிக்க வைத்ததா, ஜெயிக்கும்போது கார்டு வந்ததா? ஆரம்பக் கையிலேயே அந்தக் கார்டு இருந்த ஆட்டங்களின் வெற்றி சதவீதத்தைப் பார்ப்பது நல்லது. மெதுவான கார்டுகளுக்கு அதுவும் அநியாயம் செய்யும் என்றாலும், ஓரளவு நேர்மையான எண் அது.

உருவாக்கியவர்களே தப்புக்கணக்கு போடுவார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். 2020 ஏப்ரல் 7 அன்று டீமன் ஹன்டர் என்ற புது வகுப்பு வந்தது. மறுநாளே அதன் சில கார்டுகளைப் பலவீனப்படுத்த வேண்டியதாயிற்று. அதில் ஒன்றான ஸ்கல் ஆஃப் குல்டானுக்கு விலை 5 மானாவிலிருந்து 6 ஆனது.

இப்படி ஒரு கார்டைப் பலவீனப்படுத்துவதை 'நெர்ஃப்' என்பார்கள். காசு விஷயத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். வேண்டிய லெஜண்டரியை உருவாக்க 1600 'டஸ்ட்' செலவாகும். வேண்டாம் என்று உடைத்தால் திரும்பக் கிடைப்பது 400. ஆனால் அந்தக் கார்டு நெர்ஃப் ஆனால், குறிப்பிட்ட நாட்களுக்குள் உடைத்தால் 1600-ம் அப்படியே திரும்ப வரும். அதனால் "ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு, நெர்ஃப் பண்ணிடுவாங்க" என்று பயந்து ஒரு கார்டை விடுவதில் அர்த்தமில்லை. முக்கால் பங்கு டஸ்ட்டைத் தின்பது, யாருமே நெர்ஃப் செய்யத் தேவைப்படாத சுமாரான கார்டு. கூடவே ஒரு பொறி: முழுத் தொகை திரும்பக் கிடைப்பது மாற்றப்பட்ட கார்டுக்கு மட்டும். அதை நம்பிக் கட்டிய டெக்கின் மற்ற கார்டுகளுக்கு அதே கால் பங்குதான். எனவே ஒரே கார்டைச் சுற்றிப் பின்னப்பட்ட டெக்கைவிட, பல டெக்குகளில் பொருந்தும் கார்டை முதலில் உருவாக்குவது பாதுகாப்பு. டாக்டர் பூமுக்கு 1600 கொடுத்தவர்களுக்கு அது ஒன்றரை வருஷம் எல்லா டெக்கிலும் உழைத்தது. ட்ராக்சாருக்குக் கொடுத்தவர்கள் உடைத்து 400 எடுத்துக்கொண்டார்கள்.